வலிப்பில்லாத என் தங்கச்சிக்கு ஏன் வலிப்புக் குளிசை?

வடக்கில் பணியாற்றும் மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தபோது என் தங்கச்சிக்கு 9 வயது. இன்றைக்கும் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துவிடுவாள். நெருக்கீட்டின் பின்னான மனவடு என்று கிளினிக்கில் சொன்னார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் செர்ட்ரலீன் தந்தார்கள், கொஞ்சம் தேறினாள். கெட்ட கனவும் கோபமும் குறையவில்லை என்றதும், வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வல்ப்ரோயேற் குளிசையையும் சேர்த்தார்கள். அது 2 வருடத்துக்கு முன்.

முதல் தடவை பாமசியில் மருந்துத் துண்டை நீட்டியபோது, "ஆருக்கு வலிப்பு?" என்று அத்தனை பேருக்கு முன்னால் கேட்டார்கள். அவள் குளிசை வாங்காமலே திரும்பி வந்துவிட்டாள். வலிப்பு என்ற ஒரு சொல் எங்கள் ஊரில் ஒரு கல்யாணத்தையே குழப்பும் என்பது உங்களுக்கும் தெரியும். ஏன் இந்த மருந்து என்று கிளினிக்கிலேயே 2 வசனம் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கு அப்படி அழுதிருக்க மாட்டாள்.

அப்புறம் நானே தேடி வாசித்தேன். மூளையைச் சிறுகச் சிறுகத் தூண்டிக்கொண்டே இருந்தால் பிறகு சின்னத் தூண்டலுக்கும் வலிப்பு வரும் என்று 1960களில் விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். மனவடுவும் அப்படித்தான் முற்றுகிறதோ என்ற எண்ணத்தில், 1980களில் வியட்நாம் போருக்குப் போய்வந்த 10 பேருக்கு கார்பமசபீன் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்துப் பார்க்க, 7 பேர் தேறினார்கள். அந்த நம்பிக்கை எனக்கு விளங்குகிறது. ஆனால் வலிப்பு மருந்துகளை, மருந்தே இல்லாத வெற்றுக் குளிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அது நிலைக்கவில்லை. 2007இல் 232 பேரிடம் தியாகபீன் என்ற இன்னொரு வலிப்பு மருந்து, 2008இல் 85 முன்னாள் படையினரிடம் வல்ப்ரோயேற் வகை மருந்து: இரண்டுமே வெற்றுக் குளிசையை விட மேலாக வேலை செய்யவில்லை. அமெரிக்கப் படைத்துறையின் மருத்துவ வழிகாட்டி 2017இலேயே இவை வேண்டாம் என்றது. 2023இல் புதுப்பித்தபோதும் வேண்டாம் என்ற பக்கமே நின்றது.

சரி, புத்தகத்தில் இல்லாத ஒரு நன்மையை நீங்கள் உங்கள் நோயாளிகளிடம் கண்டிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. எனக்கு நெஞ்சு பதறியது வேறு விஷயத்துக்கு.

போன மாதம் வல்ப்ரோயேற் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை விரித்துப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. கர்ப்பம் பற்றிய பகுதியைக் கண்டதும் இணையத்தில் தேடினேன். கர்ப்ப காலத்தில் தாய் இந்த மருந்தை எடுத்தால் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். முள்ளந்தண்டு சரியாக மூடாமல் பிறப்பதும் அதில் ஒன்று. 30 முதல் 40 பிள்ளைகளுக்குப் பேச்சிலும் படிப்பிலும் வளர்ச்சி பிந்தலாம். கர்ப்பத் தடுப்புக்கு ஒழுங்கு செய்யாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் 2018இலேயே விதி போட்டுவிட்டார்கள். என் தங்கச்சிக்கு ஆவணியில் கல்யாணம். 2 வருடமாக ஒருவரும் அவளிடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

உங்களைக் குறை சொல்லி ஒதுங்க இதை எழுதவில்லை. விடியக் காலமையே வந்து நம்பர் எடுத்துக் காத்திருக்கும் சனத்தை நானும் பார்க்கிறேன். ஆளுக்கு 3 நிமிடம் கிடைத்தாலே பெரிது. ஆனாலும் வலிப்புக் குளிசை எழுதும்போது, அது எதற்கு, எவ்வளவு காலம், பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவது என்று கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதித் தாருங்கள். பெண் என்றால் கர்ப்பம் பற்றி முதல் நாளே சொல்லுங்கள். நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்து ஆற வைக்கும் சிகிச்சைக்கு என் தங்கச்சியை அனுப்புங்கள். மனவடுவுக்கு அதுதான் முதல் மருந்து என்று அதே அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. அவள் வாழ்க்கையில் ஒருநாளும் அது கிடைக்கவில்லை.

இதை வாசிக்கும் அக்கா தங்கச்சிமாரே, பயத்தில் குளிசையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் வலிப்பே வரக்கூடும். டொக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை தங்கச்சிக்குக் கிளினிக். இந்த முறை நானும் கூட வருகிறேன். கொப்பியில் ஒரு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறோம்.

அன்புடன்,
அவளுடைய அக்கா