ஒரே பகலில் எட்டு இடமா? செயின்ட் லூசியாவுக்கு ஆள் சேர்க்கும் தமிழ்ச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் கப்பல் சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். கரீபியன் பயணத் துண்டறிக்கைகளில் செயின்ட் லூசியாத் தீவு வந்துவிட்டால் போதும், இடங்கள் வரிசைகட்டி நிற்கின்றன: மோர்ன் ஃபார்ச்சூன் குன்று, மாரிகோ விரிகுடா, மீனவர் கிராமம், பிட்டன் மலைகள், கந்தக ஊற்று, டைமண்ட் அருவி, கடல் குளியல், காஸ்ட்ரீஸ் சந்தை. இதில் பாதியை வெட்டிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கணக்கைக் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்பினால் 4:30க்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். மழை, மண்சரிவு, வழியில் நின்றுபோன லாரி என்று எதற்கும் இருக்கட்டுமென ஒரு மணி நேரத்தை ஒதுக்கினால், 3:30க்கு வேன் துறைமுகத்தில் நிற்க வேண்டும். காலையில் கப்பல் 8 மணிக்குக் கரை சேர்ந்தாலும், இறங்கி, கூடி, தலை எண்ணி வண்டி புறப்பட 9 மணி ஆகும். கையில் இருப்பது ஆறரை மணி நேரம். காஸ்ட்ரீஸ் துறைமுகத்திலிருந்து, கந்தக ஊற்றும் பிட்டன் மலைகளும் உள்ள சூஃப்ரியேர் ஊருக்குப் போக ஒன்றரை, வர ஒன்றரை. தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் ஆன்ஸ் லா ரே, கனரீஸ் ஊர்கள் வழியே மேற்குக் கரைச் சாலை மலையில் ஏறி இறங்கி, கொண்டை ஊசி வளைவுகளாகவே போகிறது. மிச்சம் மூன்றரை மணி. சாப்பாட்டுக்கு ஒன்று போனால் இரண்டரை. நாற்பது பேர் கொண்ட குழு ஒவ்வோர் இடத்திலும் இறங்கி ஏறவும் கழிப்பறை வரிசையில் நிற்கவுமே இருபது நிமிடம் கரையும். அப்புறம் எட்டு இடம் எங்கே?

இரண்டே இடம், வழியில் ஒரு காட்சி முனை. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

எங்கள் தேர்வில் முதலிடம் கந்தக ஊற்றுக்கு. எரிமலை வாய்க்குள்ளேயே வண்டி போகும் என்று விளம்பரம் செய்வார்கள்; அதை அப்படியே நம்பாதீர்கள். வண்டி அருகே வரைதான் போகும். கொதிக்கும் சாம்பல் நிறக் குட்டைகளை மேடையில் நின்றுதான் பார்க்க வேண்டும். முன்பு ஓரம் வரை நடக்க விட்டார்கள். 1990களில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் மேலோடு உடைந்து உள்ளே விழுந்து தீக்காயம் பட்டபின் அது நின்றது. குளியல் நடப்பது சற்றுக் கீழே, வெதுவெதுப்பான தொட்டிகளில். முதலில் உடம்பை நனைத்து, வாளியில் இருக்கும் சேற்றைப் பூசி, வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, தொட்டியில் கழுவி, கடைசியில் குழாயடியில் அலசுவார்கள். உடைமாற்றும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி கொடுங்கள். வெளிர் நிற நீச்சலுடையில் ஏறிய கறை போகாது. பழைய கறுப்பு உடை போதும். நம் பெண்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்று: கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கப்பலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பட்டதும் வெள்ளி கறுத்துப்போகும். கறுத்துவிட்டால் பதற வேண்டாம், திருநீறு போட்டுத் துலக்கினால் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அங்கே அழும் குழந்தையிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டாவது இடம் டைமண்ட் தாவரத் தோட்டம். முக்கால் மணி போதும். நடை பெரும்பாலும் சமதளம். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் படைவீரர்களுக்காக 1784இல் கட்டிய வெந்நீர்க் குளியலறைகளின் எச்சம் அங்கேதான் இருக்கிறது. நடக்கத் தெம்புள்ள குழுவென்றால் தோட்டத்தை விட்டுவிட்டு டெட் பால் பாதைக்குப் போகலாம். இரண்டு பிட்டன்களையும் அங்கிருந்து ஒருசேரப் பார்க்கலாம். பெரிய பிட்டனில் ஏறித்தான் ஆவேன் என்று அடம்பிடிக்கும் இளைஞர்களுக்கு ஒரே பதில்: ஏறி இறங்க மட்டும் நான்கைந்து மணி ஆகும், வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். கப்பல் பயணிக்கு அது கணக்கில் அடங்காது.

கடிகார விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். செயின்ட் லூசியாவில் கோடை நேரம், குளிர்கால நேரம் என்ற மாற்றமே கிடையாது. குளிர்காலத்தில் மயாமி அதற்கு ஒரு மணி பின்னால். கப்பல் மயாமி நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தால், ஓட்டுநரின் 9 மணி உங்களுக்கு 8 மணி. அவர் வாசலில் காத்திருப்பார். நீங்கள் இட்லி இல்லாத பஃபேயில் உட்கார்ந்திருப்பீர்கள். மேற்குக் கரீபியனில் ஆபத்து தலைகீழ். கோடையில் மெக்சிகோவின் கோசுமெல் தீவு மயாமிக்கு ஒரு மணி பின்னால் இருப்பதால், தானாக மாறிய கைபேசியை நம்பி நிதானமாக வருபவர் கப்பலின் பின்புறத்தைத்தான் பார்ப்பார். பயணத் தாளில் இரண்டு நேரங்களையும் அச்சிடுங்கள். எந்தத் துறை என்பதையும் போடுங்கள்: பெரும்பாலான பெரிய கப்பல்கள் பாயின்ட் செராஃபீனில் நிற்கும், சில எதிர்க்கரையில் சந்தையருகே லா பிளாஸ் கரனாஜில் நிற்கும்.

கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலா தாமதமானால் அவர்கள் பொறுப்பேற்பார்கள். நீங்களாக அமர்த்திய வேனுக்காகக் கப்பல் நிற்காது. அடுத்த துறைமுகம் வரை போகும் செலவு உங்களுடையது. ஆகவே ஒவ்வொருவர் பையிலும் கடவுச்சீட்டின் நகலும், கப்பலின் அன்றாடத் தாளில் இருக்கும் துறைமுக முகவர் எண்ணும் இருக்கட்டும். பணம் பேசும்போது டாலர் என்றால் எந்த டாலர் என்று கேளுங்கள்: ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபியன் டாலர். டாக்சிகளில் மீட்டர் கிடையாது. ஆளுக்கா, வண்டிக்கா, போக வரவா என்பதை ஏறுமுன் பேசி முடியுங்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்குச் சிக்கல் வரும். ‘கிரீன் ஃபிக்’ என்றால் நம் வாழைக்காய்தான், ஆனால் வழக்கமாக உப்புமீனோடு வரும். பூயோன் என்ற கெட்டிச் சாற்றில் பயறு மிதந்தாலும் உப்பிட்ட பன்றிவால் கிடக்கலாம். முதல் நாளே எண்ணிக்கை சொல்லி, உருளைக்கிழங்கு வைத்த ரொட்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். கப்பலில் இருந்து பழம், சோறு கட்டிக்கொண்டு இறங்க அனுமதியில்லை. இன்னொன்று: ராணுவச் சீருடை போலப் புள்ளி போட்ட (கேமஃப்ளாஜ்) அரைக்கால்சட்டை, தொப்பி அங்கே சட்டப்படி தடை. குழந்தைகளுக்கும்தான்.

‘தமிழர் வேர் தேடி’ என்று செயின்ட் லூசியாவுக்குத் தலைப்பு போடாதீர்கள். 1859 முதல் அங்கே ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் வந்தது உண்மை. ஆனால் பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த வடஇந்தியர்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம்மவர்கள் போனது 1853 முதல் மார்ட்டினிக் தீவுக்கும் 1854 முதல் குவாதலூப் தீவுக்கும். கப்பல் குவாதலூப்பின் புவான்தபீத்ரில் நின்றால், காப்பெஸ்தேர் ஊரிலுள்ள சாங்கி கோயிலுக்கு ஒரு வேன் வைத்துக்கொடுங்கள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மலைச் சாலையில் மூன்று மணி நேரம் உலுக்க வேண்டாம். வடக்கே பிஜியன் தீவு காஸ்ட்ரீஸிலிருந்து அரை மணிக்குள் வந்துவிடும். பழைய கோட்டை, நிழல், அமைதியான கடற்கரை எல்லாம் உண்டு. பெயருக்குத்தான் தீவு, கரையோடு இணைத்துவிட்டார்கள், வண்டியிலேயே போகலாம். அவர்களுக்கென்று ஒரு வண்டியைத் தனியாகப் பேசி, விருப்பப் படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் வையுங்கள்.

அன்புடன்,
கரீபியன் துறைமுகச் சுற்றுலாக்களை ஏற்பாடு செய்யும் சிலர்