சிறைக்குள் சிரிப்பை அனுப்பியவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் சிறை நூலகத்துக்குப் புத்தகம் அனுப்பிய உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. பெயர் எழுதிய பக்கத்தைச் சோதனையில் கிழித்துவிடுவார்கள். கெட்டி அட்டையும் அங்கேயே போய்விடும். ஆகவே புத்தகத்தை வைத்தே உங்களை அழைக்கிறேன்.

சமையல் நூல் அனுப்பியவரே, அதைப்போல் கைமாறிய புத்தகம் வேறில்லை. கதவு பூட்டிய பிறகு ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சமைப்போம். உப்பை எப்போது போடுவது என்று இருவர் போட்ட சண்டையைத் தீர்க்க வார்டரே வர வேண்டியதாயிற்று. நாஜிகளின் தெரேசின் முகாமில் பட்டினி கிடந்த பெண்கள் நினைவிலிருந்து சமையல் குறிப்புகள் எழுதிவைத்தார்கள் என்று பின்னால் படித்தபோது எனக்கு வியப்பே இல்லை.

நேரத்தை மிச்சப்படுத்தும் வழிகளைச் சொல்லும் நூலை அனுப்பிய புண்ணியவானே! எங்களிடம் தாராளமாக இருந்தது அது ஒன்றுதான். அன்று சிரித்த சிரிப்புக்குத் தனியாக ஒரு நன்றி.

உளநல மருத்துவர் விக்டர் பிராங்கல் நாஜி வதைமுகாமில் தம் நண்பரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்: விடுதலைக்குப் பின் நடக்கக்கூடிய வேடிக்கை ஒன்றை நாள்தோறும் கற்பனை செய்ய வேண்டும். விருந்துக்குப் போன இடத்தில், பழக்கதோஷத்தில், சூப்பை அடியிலிருந்து அள்ளி ஊற்றும்படி கெஞ்சுவது அவற்றில் ஒன்று. எங்களுடையது, மனைவி சாப்பிடக் கூப்பிட்டால் விறைப்பாக நின்று 'ஆஜர்' என்பது.

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் சன்னி வெங்கட்ரத்னம் என்ற அரசியல் கைதி தம் ஷேக்ஸ்பியர் தொகுப்பின் மேல் தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, வேதநூல் என்று சொல்லிக் காப்பாற்றினார். 1977இல் மண்டேலா அதில் கையெழுத்திட்டார். அந்த மண்டேலாவின் பெயரால் 2015இல் ஐ.நா. ஏற்ற விதிகளில் 64ஆவது, ஒவ்வொரு சிறையிலும் நூலகம் வேண்டும் என்கிறது. விதி இருந்தாலும் அலமாரியைத் திறந்துவிட ஆள் வேண்டுமே! எங்கள் நூலகப் பொறுப்பு அதிகாரி திறந்துவிட்டார், சில நாள் பூட்ட மறந்ததுபோல் நடிக்கவும் செய்தார். அவருக்கும் என் வணக்கம்.

இனியும் அனுப்புங்கள். மெல்லிய அட்டை போதும். நீதிநூல்கள் உள்ளே ஏராளம், அவற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, சிரிக்க வைப்பதாகப் பார்த்து அனுப்புங்கள்.

நன்றியுடன்,
விடுதலையான ஒரு வாசகன்