அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்

தேடிய, பகிர்ந்த எல்லோருக்கும்: நாலு ராத்திரியாகக் காணாமல் போயிருந்த அப்பா நேற்று மாலை வீடு வந்து சேர்ந்தார். காலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். இதை எழுதும்போது பக்கத்து அறையில் குறட்டை கேட்கிறது.

கேமரா பதிவைப் பொறுமையாக ஓட்டிக் காட்டிய காவலர்கள், ஆதரவற்றோரை மீட்கும் காவல் கரங்கள் குழுவினர், நோட்டீஸ் ஒட்டிய ஆட்டோ அண்ணன்கள், ராத்திரி முழுக்க பைக்கில் சுற்றிய தம்பிகள்... எல்லோரையும் நேரில் வந்து பார்க்கிறேன்.

இந்த மடல் சென்னை வால்டாக்ஸ் ரோடு நடைபாதையில் குடியிருக்கும் ஓர் அம்மாவுக்கு. (சுவர் கட்டிய செலவுக்கு வரி வசூலிக்க நினைத்த காலத்தில் வந்த பெயராம் அது. சுவரே இல்லாமல் குடித்தனம் நடப்பதும் அங்கேதான்.) பெயரும் போட்டோவும் வேண்டாம் என்றார். "போட்டா எவனாவது வந்து எடத்த காலி பண்ணச் சொல்லுவான் நைனா."

நாலு ராத்திரியும் அப்பா அவரிடம்தான் இருந்திருக்கிறார். காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி நாலு வாங்கி, பல் இல்லாததைப் பார்த்து, சாம்பாரில் ஊறவைத்துக் கொடுத்திருக்கிறார். ராத்திரியானால் அப்பாவின் செருப்பை எடுத்துத் தன் தலைமாட்டுப் பைக்குள் ஒளித்துவிடுவாராம். "செருப்பு இல்லாங்காட்டி இந்தப் பெர்சு ஒரு எட்டு வெக்காது. மொத நாளே பாத்துட்டேன்." கதவுக்கு இரண்டு பூட்டு போட்டவர்கள் நாங்கள். இத்தனை வருஷம் கூட இருந்தும் இது எங்கள் கண்ணில் படவில்லை.

போலீஸிடம் போக அவருக்குப் பயம், தன்மேலேயே பழி வருமோ என்று. கடைசியில் பள்ளி விட்டு வந்த பேத்திதான் நோட்டீஸைப் படித்து போன் செய்தாள். "அண்ணா, உங்க அப்பா எங்ககிட்டதான் இருக்காரு. சாப்ட்டாரு."

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் நாள் சாயங்காலம் போட்டோவோடு அதே ரோட்டில் நடந்தேன். டீக்கடையில் கேட்டேன், லாட்ஜில் கேட்டேன், பார்சல் ஆபீஸில் கேட்டேன். செங்கல் அடுப்பில் உலை வைத்திருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு போனேன். அவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒதுக்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. ஆனால் அந்த அம்மா என்னைப் பார்த்திருக்கிறார். "கைல ஏதோ காயிதம் வெச்சிக்கினு போனியே, நீதான?" அப்பா அப்போது பத்தடி தள்ளி, தார்ப்பாய்க்கு உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

பணம் கொடுத்தேன். சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும்? அப்புறம் ஒன்று கேட்டார். பேத்திக்கு ஆதாரில் ஏதோ திருத்த வேண்டுமாம், முகவரி கேட்கிறார்களாம், என்ன எழுதுவது?

எனக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவர்களோடு போகிறேன். அப்பாவும் வருவதாக அடம்பிடிக்கிறார். பாப்பாவுக்குப் பின்னக் கணக்கு பாதியில் நிற்கிறதாம்.