கடற்படைப் பிள்ளைகளின் பெற்றோரும் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியக் கடற்படையில் மாலுமிகளாகப் பணியாற்றும் இளைஞர்களின் பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவும், இக்கட்டான நேரத்தில் துணையாக நிற்கவும் மாவட்டந்தோறும் ஒரு சிறிய ஏற்பாடு தேவை என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன். கடலே இல்லாத விருதுநகர் மாவட்டத்தில் வசிக்கும் நான், அக்னிவீரராகச் சேர்ந்து இப்போது ஒரு போர்க்கப்பலில் பணியாற்றும் இளைஞனின் தந்தை. மகனின் பெயரையும் கப்பலின் பெயரையும் ஏன் எழுதவில்லை என்பதற்கான காரணம் இக்கடிதத்திலேயே வருகிறது.

எங்களைப் போன்றவர்களின் நிலை ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களின் நிலையிலிருந்து சற்று வேறானது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே மக்கள் அழைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய்க்கு மகனிடமிருந்து தகவல் வரவில்லையென்றால், அந்தக் கவலையை ஏற்கெனவே பட்டறிந்த இன்னொரு தாய் பக்கத்துத் தெருவிலேயே இருப்பாள். கடற்படைக்குப் பிள்ளையை அனுப்பியவர்களோ பெரும்பாலும் ஊருக்கு ஒரு வீடு, சில நேரம் ஒன்றியத்துக்கே ஒரு வீடு. 'பையன் கப்பலில் இருக்கிறான்' என்று சொன்னால், வணிகக் கப்பலில் லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறான் என்று எண்ணிக்கொண்டு அதைப் பற்றியே கேட்கிறார்கள். அவன் போர்க்கப்பலில் இருக்கிறான், முதல் ஆண்டில் அவன் கைக்கு வரும் ஊதியம் மாதம் 21,000 ரூபாய்தான் என்று விளக்கிச் சொல்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மனத்தில் உள்ளதைச் சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் இந்தப் பெற்றோர் தனித்துப்போகிறார்கள்.

2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்துக்குப் பிறகு இந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது. பதினேழரை வயதிலேயே சேர முடிகிற இத்திட்டத்தில், நான்கு ஆண்டுப் பணிக்காலம் முடியும்வரை அக்னிவீரர்கள் திருமணம் செய்துகொள்ளக் கூடாது. ஆகவே அவர்களுக்குக் குடும்பம் என்றால் அது பெற்றோர் மட்டுமே. கடற்படையில் பல பத்தாண்டுகளாகச் சிறப்பாக இயங்கிவரும் குடும்ப நல அமைப்போ வீரர்களின் மனைவியரை மையமாகக் கொண்டு வளர்ந்தது. மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி போன்ற தளங்களின் குடியிருப்புகளில் வாழும் குடும்பங்களை அது அரவணைக்கிறது. கணவர் கடலில் இருக்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட அங்கே வழி உண்டு. அந்த அமைப்பின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு தாயை அது எட்டாது; எட்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பிள்ளையைப் பிரிந்திருப்பதை விட, அவனைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது. ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ். சில்கா என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் அடிப்படைப் பயிற்சி நடக்கும் மாதங்களில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதன்பின் பிரிவைப் பொறுத்து லோனாவாலா, ஜாம்நகர், கொச்சி என்று தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். கப்பலில் சேர்ந்த பிறகோ, துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால் தொடர்பு அறவே நின்றுவிடும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைப் பிள்ளைகள் சொல்லக் கூடாது; பல நேரங்களில் அவர்களுக்கே அது முன்கூட்டித் தெரியாது. 'செய்லிங் போறோம்ப்பா' என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துபோகும். அதன்பிறகு என் மனைவி அனுப்பும் ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்தியின் கீழும் ஒற்றை டிக் மட்டுமே நிற்கும். 'சாப்பிட்டியா' என்று அன்றாடம் அவர் அனுப்பும் கேள்விகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அப்படியே கிடக்கும். இரண்டாவது டிக் விழுந்தால்தான் அன்றைக்கு வீட்டில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடுவோம்.

இந்தக் கட்டுப்பாடுகளை நான் குறைசொல்லவில்லை. சமூக வலைதளங்களின் வழியே ஆசைகாட்டி விரிக்கப்பட்ட வலையில் சிக்கிக் கப்பல்களைப் பற்றிய தகவல்களைக் கசியவிட்டதாகக் கடற்படையினர் சிலர் 2019 டிசம்பரில் கைது செய்யப்பட்டனர். அதையடுத்துத்தான் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போன்களுக்கும் முகநூல் முதலியவற்றுக்கும் கடற்படை தடை விதித்தது. என் மகனோடு அதே கப்பலில் இருக்கும் அத்தனை பிள்ளைகளின் உயிரும் அந்தத் தடையில் அடங்கியிருக்கிறது என்பதால் அதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அதே காரணத்தால், பெற்றோர் எப்படித் தொடர்பு வைத்துக்கொள்வது என்பதையும் கவனமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி நிறைவு அணிவகுப்பைக் காணச் சில்காவுக்குப் போகும் பெற்றோர், திரும்பும் ரயிலில் கைப்பேசி எண்களை வாங்கிக்கொள்வது வழக்கம். நாங்களும் அப்படித்தான் அறிமுகமானோம். தேனியிலிருந்து வந்த ஒரு தாய், தருமபுரியிலிருந்து வந்த ஒரு தந்தை என்று பலரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். அது எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குக் கப்பல் ஒதுக்கப்பட்ட பிறகு, ஒரே கப்பலில் உள்ளவர்களின் பெற்றோருக்கென்று தனிக்குழு தொடங்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்போது குழுவில் இருந்த ஒருவர், தாமே கடற்படையில் மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசராக (மாலுமிகளுக்குரிய உயர்பதவி) இருந்து ஓய்வுபெற்று, இப்போது மகனையும் அனுப்பியிருப்பவர், அதைக் கண்டிப்பாகத் தடுத்தார். "அம்மா, ஒரே கப்பல் பிள்ளைங்களோட பெத்தவங்க இருபது பேர் ஒரே ராத்திரியில 'பையன் போன் பண்ணிட்டான்'னு எழுதினா, அந்தக் கப்பல் கரைக்கு வந்துருச்சுன்னு ஊருக்கே சொன்ன மாதிரிதானே?" என்று அவர் கேட்ட பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. கப்பலின் பெயரைக் குறிப்பிடாவிட்டாலும், சில நாள் கவனித்தால் அதையும் கண்டுபிடித்துவிடலாம்.

2025 மே மாதம், எல்லையில் பதற்றம் உச்சத்தில் இருந்த நாள்களில், பிரதமர் அலுவலகத்திலிருந்து பேசுவதாகக் கூறிக் கொச்சிக் கடற்படைத் தளத்தையே தொலைபேசியில் அழைத்து, விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் எங்கே இருக்கிறது என்று கேட்ட ஒருவர் கைது செய்யப்பட்ட செய்தியைப் படித்திருப்பீர்கள். ஒரு தளத்தையே அழைத்துக் கேட்கத் துணிபவர்கள் இருக்கும்போது, 'உங்கள் மகனுக்கு விருது வந்திருக்கிறது, எந்தக் கப்பலில் இருக்கிறார், எப்போது விடுப்பில் வருவார்' என்று ஒரு தாயிடம் கேட்க எவ்வளவு நேரமாகும்? மகன் விபத்தில் சிக்கிவிட்டான், உடனே பணம் அனுப்புங்கள் என்று மிரட்டும் மோசடிக்காரர்களுக்கும் இதே தனிமைதான் வசதி. ஒரு நிமிடம் பொறுத்து, விவரம் தெரிந்த இன்னொரு பெற்றோரிடம் 'இப்படி ஒரு போன் வந்தது அண்ணே, உண்மையா இருக்குமா' என்று கேட்க முடிந்தால் இந்த இரண்டு ஆபத்துகளிலிருந்தும் பெரும்பாலும் தப்பிவிடலாம்.

ஆகவே என் கருத்து இதுதான்: பெற்றோர் கூடுவது கப்பல்வாரியாக அல்லாமல் மாவட்டவாரியாக இருக்க வேண்டும், கைப்பேசித் திரையில் நடப்பதை விட நேரில் நடக்க வேண்டும். ஒருவரின் பிள்ளை விசாகப்பட்டினத்திலும் மற்றவரின் பிள்ளை மும்பையிலும் இருந்தால், அவர்கள் பேசிக்கொள்வதிலிருந்து எந்தக் கப்பலின் நடமாட்டமும் வெளிப்படப் போவதில்லை. அவர்கள் பேசப்போவதெல்லாம் பிள்ளைகளைப் பற்றிய கவலையும், ஒருவர் கேட்டறிந்து மற்றவருக்குச் சொல்லக்கூடிய சிறு விவரங்களும்தான்.

அத்தகைய விவரங்கள் எத்தனையோ உண்டு. கப்பலில் இருப்பவருக்குக் கடிதம் எழுத முடியும் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. நான் அஞ்சல் துறையில் பணியாற்றியவன் என்பதால், பெயர், பதவி, பணி எண், கப்பலின் பெயர் ஆகியவற்றை எழுதி, மே/பா பிளீட் மெயில் ஆபீஸ் (கடற்படைக் கப்பல்களுக்கான அஞ்சல் அலுவலகம்) என்று மும்பைக்கோ விசாகப்பட்டினத்துக்கோ கொச்சிக்கோ அனுப்பினால் கப்பல் எங்கிருந்தாலும் கடிதம் தேடிப்போய்ச் சேரும் என்பதை அறிவேன். கப்பல் கரைசேர்ந்ததும் மொத்தமாகக் கைக்கு வரும் கடிதங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய மகிழ்ச்சி என்பதை என் மகன் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு மாலுமியின் நலனையும் கவனிக்க 'டிவிஷனல் ஆபீசர்' என்ற அதிகாரி ஒருவர் உண்டு என்பதும், வீட்டில் மரணமோ கடும் நோயோ நேர்ந்தால் அவருக்கோ கப்பலின் கட்டளை அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதும் பெற்றோர் பலர் அறியாதவை. தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தந்தை, மனைவி மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு தளத்தின் எண்ணை அழைத்து, எதிர்முனையில் பேசப்பட்ட இந்தி புரியாமல் அழுதபடியே தொலைபேசியை வைத்த நிகழ்ச்சியை எங்கள் குழுவில் கேட்டோம். அன்றைக்கு அவருக்கு உதவியவர் அதே ஓய்வுபெற்ற மாஸ்டர் சீஃப்தான். அவரைப் போன்ற முன்னாள் மாலுமிகள் மாவட்டத்துக்கு இருவர் முன்வந்தாலே போதும்.

விபத்துச் செய்தி வரும் நாள்கள் மிகக் கொடியவை. 2024 ஜூலை 21 அன்று மும்பையில் பழுதுபார்ப்பில் இருந்த ஐ.என்.எஸ். பிரம்மபுத்ராவில் தீப்பிடித்தபோது, இளநிலை மாலுமி ஒருவரைத் தவிர அனைவரும் பாதுகாப்பாக இருப்பதாகக் கடற்படை அறிவித்தது. அந்த ஒருவரின் உடல் 24ஆம் தேதிதான் மீட்கப்பட்டது. இடைப்பட்ட நாள்களில் 'மும்பையில் கடற்படைக் கப்பலில் தீ, மாலுமி ஒருவர் மாயம்' என்று கப்பலின் பெயரைக்கூடச் சொல்லாமல் தொலைக்காட்சிகளில் ஓடிய ஒற்றை வரி, மும்பையில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டையும் ஆட்டிவைத்தது. காணாமல் போனவர் யார் என்பதை அவருடைய குடும்பத்துக்கே முதலில் தெரிவிப்பார்கள், அதுதான் முறை. மற்றவர்களோ தகவல் வராததையே ஆறுதலாகக் கொண்டு காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கும்போது, சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூடியிருப்பதை விட, அதே நிலையில் உள்ள ஒரே ஒருவர் அருகில் இருப்பது பெரும் பலம். உங்கள் நாளிதழ் போன்ற பொறுப்புள்ள ஏடுகள் இத்தகைய செய்திகளில், கடற்படையே அறிவித்துவிட்ட கப்பலின் பெயரைத் தலைப்பிலேயே வெளியிட வேண்டுகிறேன். அந்த ஒரு சொல்லில் எத்தனையோ வீடுகளுக்கு உயிர் வரும். அதேபோல், இறந்தவரின் வீட்டாருக்குத் தகவல் போய்ச்சேர்ந்தது உறுதியாகும்வரை அவருடைய பெயரையும் படத்தையும் வெளியிடாதிருக்க வேண்டுகிறேன்.

நான் கேட்கும் ஏற்பாட்டுக்குப் புதிய அலுவலகமோ பெரும் நிதியோ தேவையில்லை. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இயங்குகிறது. முன்னாள் படைவீரர்களுக்கு மட்டுமன்றி, இப்போது பணியில் இருப்பவர்களின் குடும்பத்தினருக்கும் சேர்த்தே ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடத்தப்படுகிறது. ஆனால் பணியில் இருப்பவர்களின் பெற்றோர் அதில் பங்கேற்பது மிக அரிது. அது ஓய்வூதியம் பெறுபவர்களுக்கான கூட்டம் என்றே அவர்கள் நினைக்கிறார்கள். அந்த நாளில் ஒரு மணி நேரத்தைக் கடற்படைப் பிள்ளைகளின் பெற்றோருக்கென ஒதுக்கி, முன்னாள் மாலுமி ஒருவரையும் அழைத்து அமர்த்தினால் வேலை தொடங்கிவிடும். பணியில் சேரும்போதே பெற்றோரின் கையில் தமிழில் ஒரு சிறு கையேட்டைக் கொடுத்தால் இன்னும் நல்லது: முகவரி எழுதும் முறை, அவசரத் தகவல் தெரிவிக்கும் வழி, தொலைபேசியில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பவை அதில் இருந்தால் போதும்.

காலமும் நெருக்குகிறது. 2022 இறுதியில் சில்காவில் பயிற்சிக்குச் சேர்ந்து, 2023 மார்ச் 28 அன்று பயிற்சி நிறைவு அணிவகுப்பில் நடந்த முதல் அணியினருக்கு 2026 இறுதியில் நான்கு ஆண்டு நிறைவடைகிறது. இப்போதைய விதிப்படி அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள், பணி முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் தொகையான சேவா நிதியோடு ஊர் திரும்பும்போது, அந்தப் பணத்தை என்ன செய்வது, எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது என்ற கேள்விகளோடு, இருபத்தொன்று இருபத்திரண்டு வயதில் சீருடையைக் கழற்றிவைத்த பிள்ளையின் மன வருத்தமும் சேர்ந்து பெற்றோரின் முன்னால் வந்து நிற்கும். அதற்கு முன்பே அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது நல்லது.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்தின் தேதி வெளிவருவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அச்செய்தியை வெளியிடும்போது, 'கடற்படை உள்ளிட்ட முப்படைகளிலும் தற்போது பணியாற்றுபவர்களின் பெற்றோரும் கலந்துகொள்ளலாம்' என்ற வரியையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விருதுநகர் மாவட்டத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு வருபவர்களுக்காக நான் காலையிலேயே ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று காத்திருப்பேன்.

இப்படிக்கு,
கடற்படை அக்னிவீரர் ஒருவரின் தந்தை,
விருதுநகர் மாவட்டம்