வெளுத்த பவளப்பாறை இன்னும் சாகல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடாவுல பவளப்பாறை வெளுத்துப்போச்சுன்னு 2010ல செய்தி வந்துச்சு, 2016ல வந்துச்சு, 2024லயும் வந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் அந்த பாறை என்ன ஆச்சுன்னு எழுதறவங்க ரொம்ப கம்மி, படிக்கிறவங்களும் செத்துப்போச்சுன்னே நினைச்சுக்கிறாங்க. வெளுத்த உடனே அது சாகறதில்லங்க. இந்த பாறைய கட்டுற சின்ன உயிர்தான் பவளப்பூச்சி, அதோட உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு, அது வெயில் வெளிச்சத்துல சாப்பாடு தயாரிச்சு பூச்சிக்கும் பெரும்பங்கு கொடுக்குது, பாறையோட கலரும் முக்கால்வாசி அதாலதான். வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி சில வாரம் அப்படியே நின்னுச்சுன்னா பூச்சி அந்த பாசிய வெளிய தள்ளிடும், உள்ள இருக்குற வெள்ளை சுண்ணாம்புக்கூடு தெரியும். பட்டினியா கிடக்கும், உயிர் இருக்கும். தண்ணி சீக்கிரம் குளிர்ந்தா பாசி திரும்ப வந்து சில மாசத்துல தேறிடும், சூடு இறங்கலன்னாதான் சாவு.

தேறுற அந்த மாசங்கள்லதான் நாம கோட்டை விடுறோம். பாசிக்கு வெளிச்சம் வேணும், வெளிச்சம் இறங்கணும்னா தண்ணி தெளிவா இருக்கணும். ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு ஓடாது, மறுநாளே கடலடிய உரசி இழுக்குற இழுவைமடி வலை கடல்ல இறங்குது. கரைக்குப் பக்கத்துல மடி இழுத்தா கிளம்புற சேறு தவிச்சுக் கிடக்குற பவளத்து மேலயே போய் படியுது. கரையில இருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள்ள விசைப்படகு மீன் பிடிக்கக்கூடாதுன்னு 1983ல வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்துலயே இருக்கு, புதுசா ஒண்ணும் போட வேண்டாம், வெளுப்பு வந்த வருஷத்துலயாவது ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அத கறாரா பாருங்கன்னுதான் கேக்குறேன். விசைப்படகுக்காரங்க பொழப்பையும் கெடுக்கச் சொல்லல, ஆழத்துல போய் பிடிக்கட்டும், பாறைச் சந்துல வளர்ற மீன் குஞ்சுதானே பின்னாடி எல்லார் வலையிலயும் விழுது. அதே மாதிரி ஊர் சாக்கடைய சுத்தம் பண்ணாம கடல்ல விடுறதும் நிக்கணும், அந்த தண்ணி கலந்தா வேற பாசி மளமளன்னு வளந்து பவளத்த மூடிடும்.

மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கனவே தண்ணிக்குள்ள போயிடுச்சு, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்ல வெட்டி எடுத்தது அதுக்கு பெரிய காரணம். மிச்சமிருக்குற தீவுக்கு அலைய தடுக்குறது இந்த பாறைங்கதான். கடல் சூட்ட தூத்துக்குடியும் ராமேஸ்வரமும் மட்டும் சேர்ந்து குறைக்க முடியாது, சேறும் சாக்கடையும் நம்ம கையிலதான இருக்கு.

அடுத்த தடவை வெளுப்பு செய்தி போட்டீங்கன்னா, அந்த செப்டம்பர்லயே உங்க நிருபர மறுபடி அனுப்புங்க சார், எது தேறுச்சு எது செத்துச்சுன்னு தீவு வாரியா எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி