வெள்ளம் வடிந்ததும் கிணற்றை வற்ற இறைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மாரி வெள்ளம் வடிந்த கையோடு மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரை எங்கும் நீர்ப்பம்பிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கலங்கல் தண்ணீரை அடிவரை இறைத்தால் கிணறு சுத்தமாகிவிடும் என்று நினைக்கிறோம். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி போன்ற மணற்பாங்கான ஊர்களில் இது பிழையான வேலை.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே இந்த மணலுக்குள் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு உப்பை அது அமுக்கி வைத்திருக்கும். மேலே அவசரமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். 2004 சுனாமிக்குப் பின் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தும் உப்பு தீரவில்லை. பின்வந்த மாரி மழைதான் அதைக் கழுவியது. ஊறிய மண்ணில் வேகமாக இறைத்தால் கிணற்றுக் கொட்டுகள் (சீமெந்து வளையங்கள்) விலகி, மணலோடு மலசலகூடக் குழியின் கழிவும் உள்ளே வரும். வயிற்றோட்டமும் செங்கமாரியும் அந்த வழியில்தான் வருகின்றன.

முதலில் மிதக்கும் குப்பையை வாளியால் அள்ளிவிட்டு, கலங்கல் அடங்க ஓரிரு நாள் விடுங்கள். கலங்கிய நீரில், கிருமி கொல்லப் போடும் பிளீச்சிங் பவுடரின் குளோரின் வீணாகிவிடும். பிறகு கிணற்று விட்டத்தை அடிக்கணக்கில் அளந்து, அதே எண்ணால் ஒருமுறை பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 22 ஆலும் பெருக்குங்கள், வருவது லீற்றர். 4 அடி விட்டம், 5 அடி நீர் என்றால் 1,760 லீற்றர். 33 வீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 1,000 லீற்றருக்கு 300 கிராம் வேண்டும். இந்தக் கிணற்றுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. பவுடரை நேரே கொட்டக்கூடாது. முக்கால் வாளித் தண்ணீரில் கால் கிலோ வீதம், வெளியில் வைத்துத் தடியால் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். கொட்டுச் சுவரிலும் தெளியுங்கள். வாளியைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கிக் கலக்கி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் காரமான மணம் குறையும்வரை மெதுவாக இறைத்தால் போதும். அந்த நீரை வாவியில் விடவேண்டாம். குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

பெற்றோல் பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடவே கூடாது. அதன் புகை நிறைந்த கிணற்றில் இறங்குபவர் மூச்சடைத்து இறந்துபோவார்.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இருக்கவேண்டிய 50 அடி இடைவெளி நெருக்கமான வளவுகளில் கிடைக்காது. அங்கே குளோரின் சில நாள் காவல்தான். வளவு முழுக்கச் சீமெந்து பூசுவதும் கேடுதான்: உள்ளே இறங்கவேண்டிய மழை வீதிக்கு ஓடி வெள்ளமாகிறது, கோடையில் அதே கிணறு உவர்க்கிறது.

நிவாரணத்தோடு பவுடர் கொடுக்கும் அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறோம். மேற்சொன்ன கணக்கைப் பொதியிலேயே அச்சிட்டுக் கொடுங்கள். ஈரம் பட்டுக் கட்டிபிடித்த பவுடருக்கு வீரியம் இருக்காது. அதை வீடுகளுக்கு அனுப்பவே வேண்டாம்.

நீர், சுகாதாரப் பணியாளர்கள் சிலர்
மட்டக்களப்பு