அன்னதான மண்டபத் தளபாடத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புடைய அங்கத்தவர்களுக்கு,

வெள்ளையடிப்பு, மின்விசிறி, கைகழுவும் தொட்டி மூன்றும் சொன்ன தொகைக்குள் முடிந்தன. மேசையும், இருந்து சாப்பிடும் நீள வாங்கும்தான் எங்களை அலைக்கழித்தன. மேசை எதற்கு, செலவு ஏன் கூடியது என்ற உங்கள் கேள்விகளும் அவற்றைப் பற்றியவைதான்.

காலங்காலமாய் நிலத்தில் பந்தி வைத்த கோயிலுக்கு மேசை எதற்கு என்று பெரியவர்கள் கேட்டார்கள். பாய் விரித்து இலை போடும் அழகை நாங்களும் இழக்க விரும்பவில்லை. ஆனால் போர் முடிந்த 2009க்குப் பிறகு எங்கள் ஊரில் எத்தனை பேர் செயற்கைக் காலோடு நடக்கிறார்கள்? சம்மணம் கட்ட முடியாத அவர்கள் மடப்பள்ளி வாசலில் நின்று பார்சல் வாங்கிக்கொண்டு போனார்கள். கோயில் சோற்றை இருந்து சாப்பிடக் கொடுத்துவைக்காதவர்களாக அவர்களை அனுப்புவதற்கு எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

பிளாஸ்ரிக் கதிரை மலிவுதான். வன்னி வெயிலில் வெளுத்து வெடிக்கும், கையூன்றி எழும்பினால் கால் விரியும். பாலை, முதிரை என்றால் மரம் ஏற்ற அனுமதிப்பத்திரம் வேண்டும், விலையும் எட்டாது. ஆகவே இரும்புச் சட்டமும் மேலே ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் தகடும் என்று தீர்மானித்தோம். மேசை 6 அடி நீளம், 30 அங்குல உயரம். வாங்கு 18 அங்குல உயரம். ஆளுக்கு 24 அங்குலப்படி பக்கத்துக்கு மூவர். சாம்பார் வாளியோடு போகிறவருக்கு வரிசைக்கிடையில் 3 அடி. வாசலோரம் 4 மேசைகளுக்கு ஒரு பக்கம் வாங்கு இல்லை. சக்கர நாற்காலி அந்தப் பக்கத்தால் உள்ளே போகும்.

இனி முதல் பட்டறைக்காரர் விடயம். ஒரு மேசையும் இரண்டு வாங்கும் சேர்ந்த ஒரு சோடி 46,000 ரூபா. 24 சோடிக்கு 1,104,000. முற்பணம் 350,000. ஒப்பந்தத்தில் ஒன்றரை அங்குல பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்), தடிப்பு 16 கேஜ் என்று தெளிவாக எழுதியிருந்தோம். முதல் 8 சோடி வந்த அன்று, ஒரு கால் இல்லாத எங்கள் ஊர் அண்ணர் ஒருவர் இருந்து பார்த்தார். எழும்ப மேசையில் கையூன்றியதும் அது பக்கவாட்டில் ஆடியது. காலிலிருந்த றப்பர் மூடியைக் கழற்றினோம், தகரம் போல் மெல்லிய விளிம்பு தெரிந்தது. பட்டறையில் கிடந்த அதே குழாயின் 20 அடி நீளம் ஒன்றை நெல் ஆலைத் தராசில் வைத்தோம். 16 கேஜ் என்றால் 11 கிலோவரை இருக்கவேண்டும். 8 கிலோ சொச்சம்தான் இருந்தது. அது 18 கேஜ். கேஜ் எண் கூடினால் தகடு மெல்லிசு.

இரும்பு விலை ஏறிவிட்டது என்றார் பட்டறைக்காரர். அதை வேலைக்கு முன் சொல்லியிருந்தால் பேசியிருப்போம். குறுக்குச்சட்டம் ஒட்டித் தருகிறேன், எடுங்கள் என்றார். "எடுத்துவிட்டுப் போவோமே, திருவிழா வருகிறது" என்று எங்கள் சபைக்குள்ளேயே சிலர் சொன்னார்கள். அந்த அண்ணர் கையூன்றிய மேசையை நாங்கள் ஏற்கவில்லை. எட்டையும் திருப்பி அனுப்பினோம். ஏழு தடவை நடந்து 310,000 மீண்டது. மீதி 40,000 இன்னும் வரவில்லை. அதை நன்கொடைக்குள் மறைக்கவில்லை, வரவேண்டிய கடன் என்று கணக்கில் தனி வரியில் நிற்கிறது.

இரண்டாவது பட்டறை சோடிக்கு 53,000 கேட்டது, மொத்தம் 1,272,000. முதல் விலையைவிட 168,000 கூட. திரும்பி வராத 40,000ஐயும் சேர்த்து மேலதிகம் 208,000 ரூபா. யாரும் இதைக் களவு என்று சொல்லமுன் பற்றுச்சீட்டுகளைப் பாருங்கள். காலபோக அறுவடையில் வயல்காரர்கள் கொடுத்த நெல் விற்று 120,000, சுவிஸ் பிள்ளைகள் 88,000. மேலதிகம் அப்படித்தான் அடைபட்டது.

உபயகாரர்கள்: சுவிஸிலுள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைகள், பிரான்சிலுள்ள தாயும் மகளும், கனடாவிலிருந்து மூன்று சகோதரங்கள், நெல் ஆலை முதலாளி, ஓட்டோச் சங்கத்தார், மாதர் சங்கம், முன்பள்ளி ஆசிரியை, தையல் நிலையத்துத் தங்கச்சிமார், பால் சேர்க்கும் தம்பி, பெயர் வேண்டாம் என்று 5,000 வைத்துவிட்டுப் போன ஆச்சி. பெயர் விருப்பமுள்ளவர்களின் பெயர்கள் மண்டபச் சுவரில் உள்ளன.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய வெள்ளி முதற்பந்தி நடந்தது. அண்ணர் வாசலோர மேசையில் இருந்து இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார். மேசை அசையவில்லை.

கலியாண வீடுகளுக்கு இரவல் கேட்கிறீர்கள். தரமாட்டோம். தூக்கி ஏற்றினால் ஒட்டு விடும். கணக்குப் புத்தகம் சனிக்கிழமைகளில் பின்னேரம் மடப்பள்ளி அலுமாரியில் திறந்திருக்கும்.

செயலாளர், பரிபாலன சபை